ஏசி, ஹீட்டிங் பயிற்சிக்குப் போகிறேன்: முதலில் எந்தக் கருவிகளை வாங்குவது?

புதுக்கை:
அடுத்த மாதம் ஏசி, ஹீட்டிங் பயிற்சியில் சேரப் போகிறேன். முதல் ஆறு மாதம் வகுப்பும் பட்டறையும். அதன்பிறகு ஒரு மூத்த மெக்கானிக்குடன் வேலைக்குப் போக வேண்டும். ஒரு கருவிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 46 பொருட்கள். ஸ்க்ரூடிரைவரில் தொடங்கி வேக்கம் பம்ப் (குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது) வரை எல்லாம் இருக்கிறது. எதை இப்போதே வாங்க வேண்டும், எது பிறகு போதும் என்று ஒரு வரிகூட இல்லை.

சேர்த்து வைத்த பணம் கொஞ்சம்தான். அதில் பாதியை டிஜிட்டல் மேனிஃபோல்டு (வாயுவின் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட்) ஒன்றே தின்றுவிடும். என்னுடன் சேரும் நண்பன் ஒரே பெட்டியில் நூறு கருவிகள் வரும் செட்டை வாங்கிவிட்டான். நானும் அப்படியே வாங்கிவிடலாமா? கேஜ் டிஜிட்டலா, முள் உள்ளதா? வேக்கம் பம்ப் இப்போதே வேண்டுமா? ஹீட்டிங் பக்கத்துக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்குழாய்:
தம்பி, முதலில் அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரி. தினமும் உன் கையில் இருக்கப் போவது ஒன்று. அளந்து பார்க்கும் கருவிகள் இன்னொன்று. வண்டியில் வரும் பெரிய சாமான்கள் மூன்றாவது. வேக்கம் பம்ப், ரெகவரி மெஷின் (யூனிட்டில் உள்ள வாயுவைச் சிலிண்டருக்கு இழுப்பது), நைட்ரஜன் சிலிண்டர், பிரேசிங் செட் (குழாயைச் சூடாக்கி ஒட்டவைப்பது) எல்லாம் மூன்றாவது வகை. அவை பட்டறையில் இருக்கும், வேலைக்குப் போனால் மூத்த மெக்கானிக்கின் வண்டியில் இருக்கும். பயிற்சியில் இருப்பவன் சொந்தமாக வேக்கம் பம்ப் வாங்கி வீட்டில் வைத்தால் அதன் ஆயில்தான் ஈரம் குடித்துக் கெடும். அந்தப் பணத்தைப் பத்திரமாக வை.

முதல் வகையில் தயங்காமல் செலவு செய். பிட் மாற்றும் நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒன்று. 1/4, 5/16 அங்குல நட் டிரைவர் இரண்டும், முனையில் காந்தம் உள்ளதாக. தகரப் பெட்டிகளில் பாதி திருகுகள் இந்த இரண்டு அளவுதான். கட்டிங் பிளையர், சைடு கட்டர், ஒயர் ஸ்ட்ரிப்பர், வாய் அகலமாகத் திறக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு (இணைப்பை ஒன்றால் பிடித்து, ஃப்ளேர் நட்டை, அதாவது விரித்த குழாய் வாயை இறுக்கும் நட்டை, மற்றதால் திருப்ப வேண்டும்), ஆலன் கீ செட், டார்ச்சு, அளவுநாடா. டக்ட் (காற்று போகும் தகரக் குழாய்) வேலையும் சொல்லித் தருகிறார்கள் என்றால் தகரம் வெட்டும் கத்திரி: சிவப்புக் கைப்பிடி இடப்பக்கம் வளைத்து வெட்டும், பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக வெட்டும். தொடக்கத்தில் மஞ்சள் ஒன்று போதும்.

நூறு கருவி செட் வேண்டாம். அதில் அறுபது இந்தத் தொழிலுக்கே தேவைப்படாது. மீதியில் திருகின் தலையைத் தின்னும் ஸ்க்ரூடிரைவர் கட்டாயம் இருக்கும். உயரத்தில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டில் ஒரு திருகுத்தலை மழுங்கிப்போனால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

இன்னொன்று, ட்யூப் கட்டர். சின்னதாக, நல்லதாக வாங்கு. பெரும்பாலோர் இதை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. குழாயில் கட்டரை மாட்டி, சக்கரம் செம்பைத் தொட்டதும் ஒரு சுற்று சுற்று. குமிழைக் கால் திருப்பு மட்டும் இறுக்கி மறுபடி சுற்று. செம்பில் மெல்லிய பளபளப்பான வரி விழும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஆழமாகும், கடைசியில் சத்தமில்லாமல் கழன்று வரும். அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கினால் குழாயின் வாய் உள்ளே சுருங்கி முட்டை வடிவமாகிவிடும். வெட்டிய வாயில் விரலை உள்பக்கமாக வைத்துப் பார், கத்தி மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அதுதான் பிசிறு. ரீமரால் அதை எடுக்கும்போது குழாயின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்திருந்தால் செம்புத்தூள் உள்ளே விழுந்து கம்ப்ரசர் வரை பயணம் போகும்.

மின்சுற்று:
செம்புக்குழாய் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் முதல் பெரிய செலவு மீட்டராகத்தான் இருக்க வேண்டும் என்பேன். நான் சர்வீஸுக்குப் போன வீடுகளில் "குளிரே வரவில்லை" என்று கூப்பிட்டவர்களிடம் பாதிக்குமேல் மின்சாரப் பக்கத்துக் கோளாறுதான் இருந்தது. கெப்பாசிட்டர், கான்டாக்டர், கருகிய ஒயர் முனை, எறும்பு புகுந்த ரிலே. இதில் எதையும் கேஜ் உனக்குச் சொல்லாது.

வாங்கும்போது சிலவற்றைப் பார். வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாவற்றிலும் இருக்கும். கூடவே மைக்ரோஃபாரட் அளக்க வேண்டும், கெப்பாசிட்டருக்கு. டிசி மைக்ரோஆம்பியர் அளந்தால் ஹீட்டிங் பக்கத்துக்கு உதவும். வெப்பநிலை ஒயர் மாட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் யூனிட்களில் மின்னோட்டம் ஒழுங்கான அலையாக இராது, அதனால் ட்ரூ ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை எடு. மீட்டரின் உடம்பில் கேட் 3, 600 வோல்ட் என்ற பாதுகாப்பு மதிப்பு அச்சிட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே எதையும் தொடாதே. க்ளாம்ப் உள்ள மீட்டராக வாங்கினால் ஒயரைக் கழற்றாமலே கம்ப்ரசர் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கெப்பாசிட்டரை எப்படிப் பார்ப்பது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை நிறுத்து. நிறுத்தியது உண்மையா என்று மீட்டரால் பார். அதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார், அடுத்து நீ தொடப்போகும் இடத்தில் பார், மறுபடி முதல் இடத்துக்கே வந்து பார். மூன்றும் சரியாக வந்தால்தான் கை வைக்க வேண்டும். அப்புறம் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, ஒயர்களைக் கழற்றி அள. மேலே 40 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 38 முதல் 42 வரை சரி. 31 காட்டினால் அது வெளியே பார்க்கப் புதுசாக இருந்தாலும் போய்விட்டது என்று அர்த்தம்.

வேலைக்காரன்:
அக்கா சொல்வது சரிதான். ஆனால் நடைமுறை வேறு. நான் பயிற்சி முடித்துச் சேர்ந்த இடத்தில் முதல் வாரமே "உன் கேஜ் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். சொந்தமாக கேஜ் இல்லாதவனை எடுபிடி வேலைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் வாங்கிவிட்டால் சூப்பர்ஹீட் (ஆவியான பின் வாயு எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறது), சப்கூலிங் (திரவமான பின் எவ்வளவு கூடுதலாகக் குளிர்கிறது) எல்லாம் அதுவே கணக்குப் போட்டுத் தரும். நேரம் மிச்சம், தவறும் குறைவு. பணம் இருந்தால் இப்போதே டிஜிட்டல் வாங்குவதில் என்ன தப்பு?

செம்புக்குழாய்:
தப்பு இல்லை தம்பி. முதல் வருடத்தில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

முள் உள்ள கேஜில் அழுத்தத்தைப் படித்து, அந்த வாயுவின் அட்டவணையில் வெப்பநிலையைத் தேடி, குழாயில் அளந்த வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும், அதுதான் சூப்பர்ஹீட். ஐம்பது தடவை இதைக் கையால் செய்தவனுக்கு அந்த எண்கள் மனதில் உட்கார்ந்துவிடும். ஆர்-22 வாயு ஓடும் பழைய யூனிட்டில் நீலப்பக்கம் (குறைந்த அழுத்தப் பக்கம்) 68 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டினால் உள்ளே ஏறத்தாழ நாலரை டிகிரி செல்சியஸில் ஆவியாகிறது. ஆர்-410ஏ-யில் அதே நாலரை டிகிரிக்கு 118 வேண்டும். இது தெரியாதவன் 410ஏ யூனிட்டில் 70 பிஎஸ்ஐயைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். அப்படிச் சொன்னவனை நான் பார்த்திருக்கிறேன். டிஜிட்டலிலும் வாயுவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அது தவறான விடையைத்தான் அழகாகக் காட்டும். எண் தப்பு என்று உன் மனது சொல்ல வேண்டும், அதற்கு அட்டவணை மனதில் இருக்க வேண்டும்.

கேஜை மாட்டுவதே ஒரு சின்ன அறுவை சிகிச்சை மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஹோஸில் கொஞ்சம் வாயு போகும், கவனமில்லாவிட்டால் காற்று உள்ளே போகும். மொத்தமே முக்கால் கிலோ வாயு உள்ள சின்ன யூனிட்டில் இது விளையாட்டில்லை.

நானே செய்த ஒரு தவறு. கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீட்டில் மூத்தவர் வருவதற்குள் கேஜை மாட்டிவிட்டேன். நீலப்பக்க அழுத்தம் குறைவு. வாயு போதவில்லை என்று நானே முடிவு செய்து ஏற்றினேன். அவர் வந்து ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இன்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவி என் முன்னால் பிடித்தார். கம்பளி மாதிரி தூசி. காற்றே போகாத காயிலில் அழுத்தம் எப்படி இருக்கும்? ஃபில்டரைக் கழுவி மாட்டியதும் நான் ஏற்றிய வாயு அத்தனையும் அதிகப்படியாகி, மறுபடி வெளியே எடுக்க வேண்டி வந்தது. அன்று என்னிடம் கேஜ் இருந்தது, வெப்பமானி இல்லை. உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் முதலில் அளந்து, ஃபில்டரைத் தொட்டுப் பார்த்திருந்தால் சிவப்பு, நீல ஹோஸ்களைப் பையிலிருந்தே எடுத்திருக்க மாட்டேன்.

அதனால் கேஜுக்கு முன்னால் நல்ல வெப்பமானி. குழாயைக் கவ்வும் க்ளாம்ப் வகை இரண்டு, காற்றில் வைக்கும் ஊசி வகை ஒன்று. ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துப் பார், பூஜ்யம் டிகிரி காட்ட வேண்டும். ஒளிப்புள்ளி காட்டும் துப்பாக்கி வகை வெப்பமானியைச் செம்புக்குழாய்க்கு நம்பாதே. பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகத்தான் சொல்லும்.

வேலைக்காரன்:
சரி, முதல் வருடம் முள் கேஜ். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஜ் வேண்டவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். புதுக்கை, வாங்கும்போது இதைப் பார்: ஆர்-22 காலத்துப் பழைய கேஜை யாராவது கொடுத்தால் அதை 410ஏ-யிலோ ஆர்-32-யிலோ மாட்டாதே. வெயில் நாளில் அவற்றின் சிவப்புப் பக்கம் (உயர் அழுத்தப் பக்கம்) 400 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஹோஸில் 800 பிஎஸ்ஐ வேலை அழுத்தம், 4000 பிஎஸ்ஐ வெடிப்பு அழுத்தம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வாயுக்களில் ஓடும் ஸ்பிளிட் யூனிட்டின் சர்வீஸ் வாய் பெரும்பாலும் 5/16, உன் ஹோஸ் 1/4. அந்த அடாப்டரையும், ஹோஸ் முனையில் போடும் ரப்பர் வாஷர் பத்தையும் சேர்த்தே வாங்கு. வாஷர் ஒன்று கிழிந்தால் மொத்த கேஜும் உபயோகமில்லை.

புதுக்கை:
எல்லோருக்கும் நன்றி. செம்புக்குழாய் அண்ணா, ஃபில்டர் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கேள்வி. பட்டியலில் "ஃப்ளேரிங் டூல்" என்று மட்டும் இருக்கிறது. கடையில் பார்த்தால் விலை ஒன்றுக்கொன்று ஏழெட்டு மடங்கு வித்தியாசம். எல்லாம் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? ஹீட்டிங் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

ஃப்ளேர்நட்:
இதற்காகவே உள்ளே வந்தேன். ஒரே வேலை இல்லை!

சாதாரண வகையில் கூம்பு நேராகக் குழாய்க்குள் அழுத்தும். செம்பு ஒரே அழுத்தில் விரிவதால் விளிம்பில் கோடு கோடாகக் கீறல் விழலாம், ஒரு பக்கம் மெலிந்தும் போகலாம். மைய விலகல் உள்ள கூம்பு கொண்ட வகையில் கூம்பு குழாயின் வாயை உள்ளிருந்து உருட்டிக்கொண்டே விரிக்கும். சரியான இடத்துக்கு வந்ததும் கிளட்ச் விடுபட்டு "க்ளிக்" என்று சுற்றும், அதற்குமேல் நீ நினைத்தாலும் அழுத்த முடியாது. முதல் நாளிலிருந்தே ஒரே மாதிரி ஃப்ளேர் வரும். இதில் காசு மிச்சம் பிடிக்காதே.

கருவி நல்லதாக இருந்தாலும் கை பழக வேண்டும். நட்டை முதலில் குழாயில் போடு. மறந்துவிட்டு ஃப்ளேர் அடித்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், எல்லோருக்கும் நடக்கும். கூம்பில் ஒரு சொட்டு குளிர்பதன ஆயில். குழாயைப் பிடிக்கும் சட்டத்துக்கு மேல் குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும், அதன் கையேட்டில் பார். முடித்ததும் ஃப்ளேரை டார்ச்சு வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பு. உள்முகம் கண்ணாடி மாதிரி ஒரே சீராக ஒளி விட வேண்டும். ஒரு இடத்தில் ஒளி உடைந்தால் அங்கே கீறல். நட்டுக்குள் இழுத்துப் பார்: நட்டின் உள்சரிவை நிறைத்து உட்கார வேண்டும், மரையில் உரசக் கூடாது.

இறுக்குவதுதான் அடுத்த பெரிய விஷயம். என் முதல் வருடத்தில் கசிவுக்குப் பயந்து பலங்கொண்ட மட்டும் இறுக்குவேன். ஒரு குளிர்கால வேலையில் நான் மாட்டிய 1/4 நட் இரண்டு வாரத்தில் நீளவாக்கில் பிளந்து மொத்த வாயுவும் போனது. அந்த வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை, "சின்னக் குழந்தை இருக்கிறது, சீக்கிரம் சரி பண்ணிவிடுங்கள்" என்றுதான் சொன்னார். அதன்பிறகு டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுவது) இல்லாமல் ஒரு நட்டையும் நான் முடித்ததில்லை. ஸ்பிளிட் யூனிட் கையேடுகளில் பொதுவாகக் காண்பது இது: 1/4 அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34 முதல் 42, 1/2-க்கு 49 முதல் 61. யூனிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சட்டம். டார்க் ஸ்பேனர் செட்டை உடனே வாங்க முடியாவிட்டால் பட்டறையில் இருப்பதைக் கேட்டு வாங்கிப் பழகு. எவ்வளவு கொஞ்சமாக இறுக்கினால் போதும் என்பது முதல் தடவை எல்லோருக்குமே ஆச்சரியமாக இருக்கும்.

கொதிகலன்:
ஹீட்டிங் பக்கம் நான் சொல்கிறேன். பட்டியலில் எரிப்பு அனலைசர் (புகையை அளந்து எரிவு சரியா என்று காட்டுவது) இருந்தால் அதை அடித்து நீக்கிவிடு. அதன் உள்ளிருக்கும் சென்சார்கள் உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் சில வருடங்களில் தேய்ந்துவிடும், ஒழுங்காகச் சரிபார்க்கவும் வேண்டும். தேவைப்படும் காலத்தில் வாங்கலாம்.

நீ முதலில் வாங்க வேண்டியது சட்டையில் மாட்டிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி தொடங்கும்போது நீ ஏற்கெனவே கொஞ்சம் நேரம் அதைச் சுவாசித்திருப்பாய். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) இருக்கும் அறைக்குள் நுழையும்போது அது உன் மேல் இருக்கட்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டாவது மானோமீட்டர், மிகச் சின்ன அழுத்தத்தை அளப்பது. இயற்கை எரிவாயு ஃபர்னஸ் பலவற்றில் பர்னருக்குப் போகும் அழுத்தம் 3.5 அங்குல நீர் அளவுதான். ஒரு பிஎஸ்ஐ என்பதே ஏறத்தாழ 27.7 அங்குல நீர். உன் ஏசி கேஜில் இது முள்ளின் அசைவாகக்கூடத் தெரியாது. டக்டில் காற்றழுத்தம் பார்க்கவும் இதே கருவி உதவும், அதனால் இரண்டு பக்கத்துக்கும் பயன். ஆனாலும் இரண்டாவது பருவத்தில் வாங்கினால் போதும்.

மின்சுற்று சொன்ன மைக்ரோஆம்பியர் இங்கேதான் வருகிறது. தீச்சுடரை உணரும் கம்பி வழியாகச் சில மைக்ரோஆம்பியர்தான் ஓடும். அது குறைந்தால் அடுப்பு பற்றி, சில நொடியில் அணைந்துவிடும். கம்பியை மெல்லத் தேய்த்துத் துடைத்ததும் எண் ஏறுவதை மீட்டரில் பார்க்கும் மகிழ்ச்சி தனி.

மின்சுற்று:
கொதிகலன் சொன்ன அலாரத்துக்கு இன்னொரு ஓட்டு. அதோடு கண்ணாடி, கையுறை. ஆர்-32 திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 51 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். ஹோஸைக் கழற்றும்போது ஒரு துளி தெறித்தால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் நினைக்கவே வேண்டாம்.

ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்-290 என்பது புரொப்பேன்தான். அதனால் லீக் டிடெக்டர், ரெகவரி மெஷின் எதுவாக இருந்தாலும் அந்த வாயுக்களுக்கு ஏற்றது என்று குறித்திருக்க வேண்டும். தொடக்கத்தில் டிடெக்டரே வேண்டாம். நைட்ரஜன் ஏற்றிவிட்டுச் சோப்பு நுரை போதும். நைட்ரஜன் மட்டும்தான். அழுத்தம் பார்க்க ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

வேலைக்காரன்:
வேக்கம் பம்ப் வேண்டாம் என்றார்கள், சரி. ஆனால் மைக்ரான் கேஜ் (வேக்கம் எவ்வளவு ஆழம் என்று காட்டுவது) சின்னதாக ஒன்று, பயிற்சி முடியும் நேரத்தில் வாங்கிக்கொள். காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். நாம் போக வேண்டியது 500-க்குக் கீழே. நீலக் கேஜின் முள் 5000-லும் 500-லும் ஒரே இடத்தில்தான் நிற்கும், அதை நம்பி "வேக்கம் ஆகிவிட்டது" என்று சொல்ல முடியாது. பம்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்: எண் கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. பம்ப் யாருடையதாக இருந்தாலும் இந்த எண்ணை நீ உன் கண்ணால் பார்க்கலாம்.

புதுக்கை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டியலை 46-லிருந்து 19-க்குக் குறைத்துவிட்டேன். க்ளாம்ப் மீட்டர், குழாய் வெப்பமானி இரண்டு, ட்யூப் கட்டர், ரீமர், மைய விலகல் ஃப்ளேரிங் டூல், கைக்கருவிகள், கார்பன் மோனாக்சைடு அலாரம், கண்ணாடி, கையுறை. முள் கேஜை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன். வாய் திறந்த துணிப்பை ஒன்று, என்னுடையது என்று தெரிய ஒவ்வொரு கருவியிலும் ஆரஞ்சு டேப் சுற்றியாகிவிட்டது.

வகுப்பு தொடங்கும் முன் ஒரு முழத் துண்டுக் குழாய்கள் வாங்கி வீட்டில் ஃப்ளேர் பழகினேன். முதல் பத்தில் ஏழு போய்விட்டது. இரண்டில் நட் போட மறந்தேன், மீதி ஐந்திலும் விளிம்பில் நெடுக்காக மெல்லிய கீறல். ஆயில் போட்டேன், பிசிறும் எடுத்தேன். வேறு என்ன காரணம் இருக்கும்?

ஃப்ளேர்நட்:
துண்டாக வாங்கினாய் என்றால் அது நேராக வரும் கெட்டிக் குழாயாக இருக்கும். ஃப்ளேருக்குச் சுருளாக வரும் மென்செம்புதான் வேண்டும். கையால் வளைத்துப் பார், எளிதாக வளையாவிட்டால் அதுதான் காரணம். சுருள் குழாய் ஒரு மீட்டர் வாங்கி மறுபடி பத்து அடித்துவிட்டு வந்து சொல்.

புதுக்கை:
கெட்டிக் குழாய்தான். இன்று சுருளில் பத்து அடித்தேன், ஒன்பது நன்றாக வந்தது. பத்தாவதில் ரீமரை அதிகமாகச் சுரண்டி விளிம்பை மெலிய வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். டார்ச்சில் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் ஒளி உடைகிறது.

ஃப்ளேர்நட்:
சரியாகப் பிடித்துவிட்டாய். பிசிறு போனதும் ரீமரை நிறுத்து.